யார் கையால், எந்த வேளையில்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பத்திரத்தில் ஒரு விதி உண்டு. ஓர் ஆண்டு பேறுகால நலம், மறு ஆண்டு மழலைக் கல்வி என்று மாற்றி மாற்றிச் சொற்பொழிவு நடக்க வேண்டும். இது எதற்கு உரிய ஆண்டு என்று அமைப்பாளர்களைக் கேட்டேன். கொரோனாக் காலத்தில் சில கூட்டங்கள் நின்றுபோய்க் கணக்குத் தவறிவிட்டது, உங்கள் விருப்பம்போல் பேசலாம் என்றார்கள். சரி என்று இரண்டையும் சேர்த்தே பேச வந்திருக்கிறேன். நிறுவிய அம்மையார் இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் இந்த இரண்டு வேலையும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. அங்கன்வாடிக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும் அறையின் ஓரத்தில் எடை பார்க்கும் கருவி இருக்கும். ஐந்து மாதக் கர்ப்பிணி அங்கேதான் சத்துமாவு வாங்குவாள். சமுதாய வளைகாப்புக்கு அவள் பெயரை எழுதுவதும் அந்த டீச்சரம்மாதான். 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே தாயையும் பிள்ளையையும் ஒரே ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில்தான் இவை இரண்டு துறை, இரண்டு நூலகம், ஒருவர் கட்டுரையை ஒருவர் படிக்காத இரண்டு கூட்டம்.

முதலில் தாய்மார் பக்கம் போகலாம். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் கடுமையான இரத்தசோகை வந்துகொண்டிருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இவர்களுக்கோ பெருத்திருந்தன. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதிலிருந்து வில்ஸ் தொடங்கினார். அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார், பிறகு குரங்குக்கும் கொடுத்தார். குரங்குக்கும் சோகை வந்தது. வைட்டமின் ஏ, சி இரண்டையும் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. கடைசியில் மார்மைட் கொடுத்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கறுப்புக் களிம்பு அது. ஆங்கிலேயர்கள் ரொட்டியில் தடவித் தின்பார்கள், விலை மலிவு. குரங்கு தேறியது, பெண்களும் தேறினார்கள். 1931இல் இது கட்டுரையாக வெளிவந்தது.

நடுவில் 1929இல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931இல் சென்னையில் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் இருந்தார். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரிதான். மார்மைட்டில் உள்ள, நோயைத் தீர்த்த பொருளுக்கு அப்போது பெயர் கிடையாது, ‘வில்ஸ் காரணி’ என்றே சொன்னார்கள். 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

அதோடு கதை முடியவில்லை. தண்டுவடம் மூடாமல் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 1991இல் பிரிட்டனிலிருந்து வந்தது. அப்படி ஒரு பிள்ளையை ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்குக் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். அடுத்த பிள்ளைக்கு அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்தது. மாத்திரை கிடைத்தது, விலையும் சில பைசாதான். ஆனால் கரு உருவான நான்கு வாரத்துக்குள் தண்டுவடக் குழல் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பெண்ணுக்குச் சந்தேகம் வருவதே அப்போதுதான். மாமியாரிடம் சொல்லி, நர்ஸம்மாவிடம் போய்ப் பதிவு செய்து, அட்டை வாங்கி, மாத்திரை கைக்கு வரும்போது அந்த மாத்திரை செய்ய வேண்டிய அந்த ஒரு வேலைக்கு நேரம் கடந்திருக்கும். ஆய்வு எதைச் சொன்னதோ அதை ஊரில் செய்ய வேண்டுமென்றால், கல்யாணமான பெண்ணைக் கர்ப்பமாவதற்கு முன்பே யாராவது போய்ப் பார்க்க வேண்டும். அந்த யாராவது யார்? மருத்துவக் கட்டுரைகள் இந்தக் கேள்வியை எழுப்புவதில்லை.

இதே கேள்வி இன்னும் கூர்மையாக வரும் இடம் குறைமாதப் பிரசவம். நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரில் கிரகாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் பிரசவ வலியை எது தொடங்கி வைக்கிறது என்று செம்மறியாடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவில் இருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தபோது குட்டிகள் நாளாகும் முன்பே பிறந்தன. அத்தனை சீக்கிரம் பிறந்த குட்டி மூச்சுவிட முடியாமல் சாக வேண்டும். ஒரு குட்டி மூச்சுவிட்டது. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் மனிதத் தாய்மாரிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார்கள். குறைமாதத்தில் பிரசவமாகப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் முதிர்ச்சி பெறுகிறது, சாவு குறைகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் வேறு பல குழுக்களும் சோதித்தன. தனித்தனியாகப் பார்த்தால் சிலவற்றில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதுதான் சந்தேகம் தீர்ந்தது. இப்படி ஆய்வுகளைக் கூட்டிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். வட்டத்துக்குள் சில கிடைக்கோடுகளும் கீழே ஒரு சிறு வைரக் கட்டமும் இருக்கும். அந்தக் கோடுகள் இந்த ஸ்டீராய்டு ஆய்வுகள்தான். கூட்டிப் பார்க்காமல் விட்ட ஆண்டுகளில் பிழைத்திருக்க வேண்டிய பிள்ளைகள் எத்தனையோ போய்விட்டன என்பதை மறக்காமலிருக்க அதைச் சின்னமாக வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு உறுதியான மருந்து, ஏழை நாடுகளில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று ஆறு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் நம் நாட்டில் பெல்காமும் நாக்பூரும் உண்டு. 2015இல் முடிவு வந்தது. ஊசி அதிகம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் மிகச் சிறிய எடையில் பிறந்த பிள்ளைகளின் சாவு குறையவில்லை. மொத்தத்தில் பச்சிளங்குழந்தைகளின் சாவு, ஊசியைப் பரப்பிய ஊர்களில் ஆயிரம் பிறப்புக்கு 3.5 கூடியிருந்தது. தாய்மாருக்குத் தொற்று இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டதும் கூடியிருந்தது.

படித்தபோது பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன நடந்தது என்று பிறகு அலசினார்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் எத்தனை வாரக் கர்ப்பம் என்பது தாயின் ஞாபகத்தை நம்பித்தான். குறைமாதம் என்று நினைத்து ஊசி போட்ட பலர் மாதம் நிறைந்து பெற்றார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து தேவையே இல்லை. உண்மையிலேயே முன்கூட்டிப் பிறந்தவற்றுக்கோ பிறந்த பிறகு சூடு காக்கவும் மூச்சுக்கு உதவவும் போதிய வசதி இல்லை. ஐந்து ஆண்டு கழித்து உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் மறுபடி சோதித்தது. இந்தத் தடவை மருத்துவமனைகளில், ஸ்கேன் பார்த்து வாரத்தை உறுதி செய்து, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு இருந்த இடங்களில். பிள்ளைகளின் சாவு தெளிவாகக் குறைந்தது, பலன் உறுதியானதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இரண்டிலும் மருந்து டெக்சாமெத்தசோன் என்ற அதே ஸ்டீராய்டுதான். யார் கையில் இருந்தது, கூடவே என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம். என் பேச்சின் மையம் இந்த வித்தியாசம்தான். மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேறுகால இரத்தக்கொதிப்பு முற்றி வரும் வலிப்பை நம் பாட்டிமார் ஜன்னி என்றார்கள். அதற்கு மெக்னீசியம் சல்பேட் போடும் வழக்கம் 1920களிலிருந்தே சில நாடுகளில் உண்டு. மற்ற இடங்களில் நரம்பியல் மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை, காக்காய் வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளையே கொடுத்தார்கள். பல நாடுகளில், இந்தியாவிலும், நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 1995இல்தான் வெளிவந்தது. மெக்னீசியம் அந்த மருந்துகளைத் தெளிவாக வென்றது. 33 நாடுகளில் நடந்து 2002இல் வெளிவந்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதியாகும் என்று காட்டியது. உப்பு ஊசி, மலிவு. ஆனால் போட்ட பிறகு மூட்டில் தட்டி அனிச்சை பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், சிறுநீர் அளவைக் குறிக்க வேண்டும். அதற்கு இரவுப் பணியில் விழித்திருக்கும் செவிலியர் ஒருவர் வேண்டும்.

கர்ப்ப காலச் சர்க்கரை விஷயத்தில் நமக்குப் பெருமைப்பட ஒன்று உண்டு. சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் அவர் குழுவும் கொண்டுவந்த பரிசோதனை முறையில் பெண் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. எப்போது சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராமைத் தொட்டால் சர்க்கரை என்று கணக்கு. இந்திய அரசு இந்த முறையை ஏற்றது. அவர் பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. வெறும் வயிற்றில் செய்யும் சோதனையோடு ஒப்பிட்டால் இது சிலரைத் தவறவிடுகிறது என்று வாதம் இன்னும் நடக்கிறது, அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் இரண்டு பஸ் மாறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் ‘சாப்பிட்டுவிட்டாயா? நாளைக்கு வெறும் வயிற்றோடு வா’ என்று சொன்னால் அவள் வர மாட்டாள். ஆய்வுக்கூடத்திலிருந்து தொடங்காமல் அந்தப் பெண்ணின் காலைப் பொழுதிலிருந்து தொடங்கிய ஆய்வு என்பதால் அதை உயர்வாக மதிக்கிறேன்.

இனி பிள்ளைகள் பக்கம். மழலைக் கல்வி ஆய்வென்றால் எல்லாரும் முதலில் சொல்வது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி ஊர். 1962இல் தொடங்கி அங்கே 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழப் பாதிப் பேரைப் பெர்ரி பாலர் பள்ளியில் சேர்த்தார்கள், மீதிப் பேரைச் சேர்க்கவில்லை. பள்ளியில் என்ன நடந்தது? இன்று என்ன செய்யப் போகிறாய் என்று பிள்ளையைக் கேட்பார்கள். பிள்ளை சொன்னதைச் செய்யும். பிறகு எப்படிச் செய்தாய் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். வாரத்துக்கு ஒருநாள் ஆசிரியை வீட்டுக்கே போய்த் தாயிடம் பேசுவார். ஓரிரு ஆண்டுகளில் அறிவுத்திறன் மதிப்பெண் ஏறியது, பிறகு மெதுவாக இறங்கி மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாகிவிட்டது. தோல்வி என்று மூடியிருப்பார்கள். நல்ல வேளையாக மூடவில்லை. நாற்பது வயது வரை தொடர்ந்து பார்த்தபோது பள்ளியில் படித்தவர்களின் சம்பளம் கூடுதல், போலீசில் பிடிபட்டது குறைவு. பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் இதைக் கணக்குப் போட்டு, போட்ட பணம் ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் வரை திரும்பி வருகிறது என்றார்.

இப்படிப்பட்ட ஆய்வுகளைக் காட்டிப் பல அரசுகள் பாலர் பள்ளி திறந்தன. டென்னசி மாநிலத்தில் இடத்துக்குப் போட்டி இருந்ததால் சீட்டுக் குலுக்குவது போல் சேர்த்தார்கள், ஆகவே ஆய்வுக்கு நல்ல வாய்ப்பு. டேல் ஃபாரன் என்ற ஆய்வாளரின் குழு ஏறத்தாழ மூவாயிரம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்தது. பாலர் பள்ளி முடிந்தபோது சேர்ந்தவர்கள் முன்னே இருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் பின்தங்கினார்கள். 2022இல் வந்த முடிவின்படி ஆறாம் வகுப்பில் சேராதவர்களைவிட மதிப்பெண் குறைவு, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதும் அதிகம். அந்த வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொன்னது: ஆசிரியை பேச்சுதான் பெரும்பகுதி, பிள்ளைகள் வரிசையில் நிற்பதிலும் இடம் மாறுவதிலும் நிறைய நேரம் போனது. முன்பு பார்த்த ஊசிக் கதைதான் இங்கேயும். பலகையில் பாலர் பள்ளி என்று எழுதியிருந்தது, உள்ளே நடந்தது வேறு.

உள்ளே நடப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று காட்ட, 2011இல் எலிசபெத் பொனாவிட்ஸும் தோழர்களும் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல வண்ணக் குழாய்களைச் செருகி ஒரு பொம்மை செய்தார்கள். அதில் நான்கு வேடிக்கை ஒளிந்திருந்தது. ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும், இன்னோரிடத்தில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், மற்றொன்றில் இசை கேட்கும், ஒரு குழாய்க்குள் முகம் தலைகீழாகத் தெரியும் கண்ணாடி இருக்கும். ஒரு குழு பிள்ளைகளிடம் பெரியவர் வந்து, ‘இந்தப் பொம்மை எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன், பார்’ என்று கீச்சுச் சத்தத்தைக் காட்டிவிட்டுக் கையில் கொடுத்தார். இன்னொரு குழுவிடம் இப்போதுதான் பொம்மையைக் கண்டதுபோல் எடுத்து, கைதவறி இழுத்ததுபோல் சத்தத்தை வரவழைத்து, ‘அட!’ என்றார். வேறொரு குழுவிடம் முதலில் போலவே காட்டத் தொடங்கி, உடனே எழுதும் வேலை ஒன்று இருக்கிறது என்று பாதியில் போய்விட்டார். கடைசிக் குழுவிடம் எதையும் காட்டவே இல்லை.

முறையாகப் பாடம் கேட்ட பிள்ளைகள் சத்தத்தையே திரும்பத் திரும்ப எழுப்பினார்கள், மற்றவற்றை அதிகம் தேடவில்லை, சீக்கிரம் பொம்மையை வைத்துவிட்டார்கள். மற்ற மூன்று குழுக்களும் அதிக நேரம் விளையாடி அதிகம் கண்டுபிடித்தன. பிள்ளைகள் மக்கு என்பதால் இப்படி நடக்கவில்லை, கெட்டிக்காரர்கள் என்பதால் நடந்தது. விஷயம் தெரிந்த பெரியவர் வந்து சொல்லிக்கொடுக்கிறார், வேறு ஏதாவது இருந்தால் சொல்லாமலா இருப்பார் என்று நியாயமாக யோசித்தார்கள். பாதியில் எழுந்துபோன ஆசிரியரின் பிள்ளைகள் இன்னும் இருக்கும் என்று தேடினார்கள். ஆசிரியப் பணியில் இருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு வகுப்பில் பாதியில் எழுந்து போகாதீர்கள். எப்போது காட்டுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்று நிதானிக்க வேண்டும். அந்த நிதானத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் வேண்டும்.

எல்கேஜியில் ‘அ’னாவை ஒரு பக்கம் முழுக்க எழுதிவரச் சொல்லும் பள்ளிகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கன்வாடியில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டம் இருக்கிறது, நல்ல திட்டம். அதை நடத்த வேண்டிய டீச்சரம்மா எங்கே இருக்கிறார்? கர்ப்பிணிப் பதிவேடு எழுதுகிறார். இரத்தசோகைக் கணக்கு கொடுக்கிறார். நம் நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்குச் சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னதால் அந்தக் கணக்கும் வேண்டியதுதான். போஷன் டிராக்கர் செயலியில் பிள்ளைகளின் எடை உயரத்தை ஏற்றுகிறார், சிக்னல் இல்லாவிட்டால் வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே உதவியாளர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒரு பாட்டைப் பாட வைக்கிறார்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அலெஹாந்திரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்தபர் வால்டர்ஸ் என்ற மூவர் செய்தது. நம் மாநிலத்தில் 320 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண்ணைக் கொடுத்தார்கள். அவர் வேலை பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மட்டும். வேறு மாற்றம் எதுவும் செய்யவில்லை. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பிள்ளைகள் எண்ணிலும் மொழியிலும் முன்னேறினார்கள். இதை யாரும் எதிர்பார்ப்பார்கள். எதிர்பாராதது அடுத்தது: அந்த மையங்களில் வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. புதிய பெண் யாருக்கும் சோறு ஊட்டவில்லை. பழைய டீச்சருக்குக் கை ஒழிந்தது, அவர் சத்துணவு, உடல்நல வேலைகளைக் கவனித்தார். செலவோடு ஒப்பிட்டால் வரவு பல மடங்கு என்பது அவர்கள் கணக்கு.

தாய் நலத் துறையும் மழலைக் கல்வித் துறையும் தனித்தனியே எழுதிக் குவித்த கட்டுரைகள் தொடாத ஒன்றை இது தொட்டுவிட்டது. இரண்டுக்கும் தேவையான அரிய சரக்கு அந்த ஒரு பெண்ணின் பொழுதுதான். கர்ப்பிணிக்குப் புதிதாக ஒரு பரிசோதனை சேர்த்தால் அது பிள்ளையின் பாட்டு நேரத்திலிருந்து போகிறது. படைப்பாற்றல் பயிற்சி என்று மூன்று நாள் டீச்சரைக் கூப்பிட்டால் அந்த மூன்று நாளும் எடை பார்ப்பது நிற்கிறது. ஒவ்வொரு துறையும் தன் பலனை மட்டும் அளந்து பத்திரிகையில் போடுகிறது, பக்கத்துத் துறையில் என்ன குறைந்தது என்று யாரும் அளப்பதில்லை. இதற்கு நிதி கொடுக்கும் நிறுவனங்களையும் குறை சொல்ல வேண்டும். கேட்பது ஒரு பலன், கொடுப்பது ஒரு பலனுக்கான பணம்.

ஆகவே இந்தக் கல்லூரிக்கு ஒரு யோசனை. முதுகலை மாணவிகளுக்கு ஆய்வேடு தலைப்பு தேடி ஒவ்வோர் ஆண்டும் தவிக்கிறீர்கள் என்று பேராசிரியர் சற்று முன் சொன்னார். செவிலியர் துறையிலிருந்து ஒருவர், மனையியல் துறையிலிருந்து ஒருவர் என்று இணையாகச் சேருங்கள். பக்கத்து வட்டாரத்தில் அங்கன்வாடிகளைத் தேர்ந்தெடுத்து, மையம் திறந்ததிலிருந்து மூடும்வரை உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டீச்சர் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பதிவேடு, செயலி, கர்ப்பிணி, பிள்ளைகளோடு பேச்சு, பிள்ளைகள் தாமாக விளையாடுவதைப் பார்ப்பது, கூட்டத்துக்குப் போவது என்று தனித்தனிக் கட்டம் போதும். தடுப்பூசி நாளையும் சாதாரண நாளையும் பிரித்துக் குறியுங்கள், மாதக் கடைசி வாரத்தைத் தவறவிடாதீர்கள், அறிக்கை அனுப்பும் வாரம் அதுதான். முதல் இரண்டு நாள் எழுதியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஆய்வுக்கு ஆள் வந்திருக்கிறது என்று அந்த இரண்டு நாளும் பாடம் பிரமாதமாக நடக்கும். டீச்சரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், எழுதியதை அவருக்குக் காட்டுங்கள், மையத்தின் பெயரை எங்கும் போடாதீர்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆய்வேட்டைக் காட்டி மேலதிகாரி அவருக்குத்தான் மெமோ கொடுப்பார். மாவட்டத் திட்ட அலுவலரிடம் அனுமதி வாங்கச் சில வாரம் ஆகும், அதனால் விண்ணப்பத்தை இந்த மாதமே எழுதிவிடுங்கள். எந்தத் துறை ஆய்வேடு என்று அட்டையில் போடுவது என்ற சண்டை வந்தால், அதை முதல்வர் அவர்கள் தீர்த்து வைக்கட்டும்.